சர்வர் சத்தமும் பக்கத்து சீட்டும் – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஆபீஸ் யூபிஎஸ் பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கடிதங்கள்ல நிறைய ஒரே விஷயத்தத்தான் சுத்தி சுத்தி வந்துச்சு, ஆபீஸ்ல ஆளுங்க உக்கார்ற இடத்துலயே சர்வரை வெச்சுட்டாங்க, சத்தம் தாங்கல, என்ன பண்றதுன்னு. அதனால இந்தத் தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: எங்க ஆபீஸ் கிண்டில இருக்கு, மொத்தம் 14 பேர். அக்கவுண்ட்ஸ்ல நானும் இன்னொரு பொண்ணும் உக்கார்ற சீட்டுக்குப் பின்னாடியே சர்வர் ரேக். காலைல வந்ததுல இருந்து உய்ய்ங்னு ஒரே சத்தம். வீட்டுக்குப் போய் குக்கர் விசில் கேட்டாக்கூட எரிச்சல் வருது. முதலாளிகிட்ட சொன்னா "சர்வர்னா சத்தம் போடத்தான்மா செய்யும்"ங்கிறார். ஐடி பையன் மாசம் ஒரு தடவதான் வருவார். நிஜமாவே ஒண்ணும் பண்ண முடியாதா?
– வாசகி, சென்னை

பதில்: பண்ண முடியும்மா, நிறையவே பண்ணலாம், அதுவும் முதல் நாலஞ்சு விஷயத்துக்கு காசே ஆகாது. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்களுக்கு வர்ற எரிச்சல் மனப்பிரமை இல்ல. ரேக்குல மாட்டுற சின்ன சர்வர் 1.75 இஞ்ச் உயரம்தான், அதுக்குள்ள 40 மில்லிமீட்டர் ஃபேன்தான் நுழையும், அவ்வளவு குட்டி ஃபேன் போதுமான காத்து தள்ளணும்னா நிமிஷத்துக்கு 10,000 சுத்து, 15,000 சுத்துன்னு சுத்தியாகணும். 12,000 சுத்துன்னு வெச்சுக்குங்க, ஒரு செகண்டுக்கு 200 சுத்து, ஃபேன்ல 7 இறக்கை இருந்தா செகண்டுக்கு 1,400 தடவ காத்த வெட்டுது. அதுதான் அந்த உய்ய்ங். வீட்டு சீலிங் ஃபேன் சத்தம் மாதிரி பரவலான இரைச்சல் இல்ல இது, ஒரே சுருதில நிக்கிற விசில், அதனாலதான் டெசிபல் கணக்குல பெருசா இல்லாட்டியும் மண்டைக்குள்ள போய் உக்காந்துக்குது.

இப்ப முக்கியமான விஷயம். சர்வர் சும்மா சத்தம் போடறதில்ல. சூடு ஏறினா ஃபேன் வேகம் ஏறும், ஃபேன் வேகம் ஏறினா சத்தம் ஏறும். ஃபேன் வேகம் பாதியானா சத்தம் கிட்டத்தட்ட 15 டெசிபல் இறங்கும், 10 டெசிபல் இறங்கினாலே காதுக்கு பாதியா கொறஞ்ச மாதிரி தெரியும். அதனால சத்தத்த எப்படி மூடுறதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி, இந்த ஃபேன் ஏன் இவ்ளோ வேகமா சுத்துதுன்னு கேக்கணும். எங்கிட்ட யார் இந்தக் கேள்வியோட வந்தாலும் நான் முதல்ல அதத்தான் கேப்பேன்.

பல வருஷம் முன்னாடி மதுரைல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இதே கதைதான். ரெண்டு மாசமா சர்வர் கத்துது, ஃபேன் போச்சுன்னு முடிவு பண்ணி புது ஃபேனுக்கு ஆர்டரும் போட்டுட்டாங்க. நான் போய் டார்ச் அடிச்சுப் பாத்தேன், முன்பக்கம் ஹார்ட் டிஸ்க் சொருகற 8 இடத்துல ஒண்ணு வெறும் ஓட்டையா இருந்துச்சு. யாரோ பழைய டிஸ்க்க கழட்டிட்டு, அங்க போட வேண்டிய டம்மி பிளாஸ்டிக் மூடிய போடாம விட்டுட்டாங்க. ஒரு டிஷ்யூ பேப்பர கிழிச்சு அந்த ஓட்டைக்குப் பக்கத்துல காட்டினேன், சட்டுனு இழுத்து ஒட்டிக்கிச்சு, பக்கத்து டிஸ்க் முன்னாடி காட்டினா பேப்பர் லேசாத்தான் ஆடுது. அதாவது வர்ற காத்தெல்லாம் அந்த ஓட்டை வழியா சுலபமா உள்ள போயிடுது, டிஸ்க்குகளுக்கு நடுவுல போறதே இல்ல, டிஸ்க் சூடாகுது, சர்வர் பாவம் ஃபேனை இன்னும் இன்னும் ஏத்துது. அப்போதைக்கு ஒரு அட்டைய வெட்டி அந்த இடத்த மூடினோம். டீ வந்துச்சு, டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள அந்த விசில் படிப்படியா கீழ இறங்குச்சு. பக்கத்து டேபிள்ல இருந்த ஒரு அம்மா பேனாவ கீழ வெச்சுட்டு "ஏன் சார், ஆஃப் பண்ணிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. ரெண்டு மாசம் அந்த அம்மா அந்தச் சத்தத்துல உக்காந்து வேல பாத்திருக்காங்க, ஒரு பிளாஸ்டிக் மூடிக்காக. எனக்கு அது இன்னமும் மனசுல உறுத்துது.

அதனால உங்க ஐடி தம்பி அடுத்து வரும்போது இதையெல்லாம் பாக்கச் சொல்லுங்க. காலியா இருக்கற டிஸ்க் இடம் எல்லாத்துலயும் மூடி இருக்கா, உள்ள பிராசஸர் மேல காத்த திருப்பிவிடற பிளாஸ்டிக் கவசம் கழண்டு கிடக்கா, ஒரு ஃபேன் செத்துப் போயிருக்கா (ஒண்ணு செத்தா மத்ததெல்லாம் முழு வேகத்துல ஓடும், அது பழுது இல்ல, அப்படித்தான் செஞ்சிருக்காங்க), புதுசா ஏதாவது கார்டு போட்டிருக்கா. கடைசியா சொன்னது நிறைய பேருக்குத் தெரியாது, டெல் பவர்எட்ஜ் மாதிரி சர்வர்கள்ல கம்பெனியோட லிஸ்ட்ல இல்லாத கார்டு ஒண்ண போட்டா, அது எவ்ளோ சூடாகும்னு சர்வருக்குத் தெரியாதுல்ல, அதனால ஒரு பாதுகாப்புக்கு ஃபேனை ஏத்தி வெச்சுடும். ஐடிராக்னு சர்வரைக் கண்காணிக்க டெல் உள்ளயே வெச்சிருக்கற வசதி இருக்கு, அதோட செட்டிங்ல போய் மாத்தலாம், ஆனா அந்தக் கார்டு உண்மையிலயே சூடாகாத கார்டான்னு பாத்துட்டு மாத்தணும். அதே மாதிரி பயாஸ்ல (சர்வர் ஆன் ஆகும்போது வர்ற அடிப்படை செட்டிங்) கூலிங் செட்டிங் ஏதோ ஒரு வெயில் காலத்துல "மேக்ஸிமம்"னு யாராவது வெச்சுட்டுப் போயிருப்பாங்க, அத பழையபடி மாத்தினாலே பாதி ஆபீஸ் அமைதியாயிடும்.

அப்புறம் தூசி. மூடிய கழட்டிப் பாத்தா ஹீட்சிங்க் (பிராசஸர் சூட்ட வெளிய விடற உலோகத் தகடுகள்) மேல சாம்பல் கலர் கம்பளி போத்தின மாதிரி படிஞ்சிருக்கும், காத்து எங்க இருந்து போகும்? வருஷத்துக்கு ரெண்டு தடவ சுத்தம் பண்ணணும், நான் எல்லாருக்கும் சொல்ற தேதி, கத்திரி வெயில் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ, ஆயுத பூஜைக்கு ஒரு தடவ. ஆயுத பூஜைக்கு எப்படியும் சர்வருக்கு சந்தனம் குங்குமம் வைக்கத்தான் போறோம், மேல வைக்கறதுக்கு முன்னாடி உள்ளயும் கொஞ்சம் பாத்துடலாம். ஷட்டவுன் பண்ணி, ரெண்டு பவர் கார்டையும் உருவிட்டு, பால்கனிக்குக் கொண்டுபோய் புளோயர் அடிக்கணும். அடிக்கும்போது ஃபேன் இறக்கைய ஒரு ஐஸ்கிரீம் குச்சியால பிடிச்சுக்கணும், இல்லன்னா புளோயர் காத்துல அது கண்டபடி சுத்தி பேரிங் போயிடும், அப்புறம் புதுசா கர்ர்ருனு வேற ஒரு சத்தம் ஆரம்பிக்கும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். ரேக் மேல சாமி படம் வெச்சு தினம் ஊதுபத்தி ஏத்தற ஆபீஸ் நிறைய பாத்திருக்கேன், சாமிய பக்கத்து சுவத்துக்கு மாத்திடுங்க, அந்தப் புகையும் சாம்பலும் நேரா சர்வருக்குள்ளதான் போகுது.

காசில்லாம இன்னொண்ணு, ரேக்க திருப்பி வைக்கறது. ரேக்கோட முன்பக்கமும் பின்பக்கமும் ஓட்டை ஓட்டையா இருக்கும், சத்தம் அந்த ரெண்டு பக்கமும்தான் நேரா வெளிய வரும், ரெண்டு சைடும் மூடின தகடு. உங்க முதுகுக்கு இப்ப எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க, முன்னாடியோ பின்னாடியோ இருந்தா அப்படியே 90 டிகிரி திருப்பி சைடு உங்க பக்கம் வர்ற மாதிரி வைக்கச் சொல்லுங்க. பின்னாடி சுவத்துல இடிச்சு வைக்காம 2, 3 அடி விடணும், இல்லன்னா வெளிய தள்ளின சூடு சுத்தி வந்து திரும்ப முன்னாடியே நுழையும்.

இவ்ளோவும் பண்ணியும் தாங்கலன்னா, சர்வரையே இடம் மாத்தணும். சர்வரை மத்த கம்ப்யூட்டரோட இணைக்கற கேட்6 நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் போகும்மா. 14 பேர் ஆபீஸ்ல 100 மீட்டருக்குள்ள இல்லாத மூலையே கிடையாது. பழைய ஃபைல் போட்டு வெச்சிருக்கற ரூம் ஒண்ணு எல்லா ஆபீஸ்லயும் இருக்கும், அங்க போகட்டும். ஏசி இண்டோர் யூனிட்டுக்கு நேர் கீழ மட்டும் வேண்டாம், டிரெயின் அடைச்சா தண்ணி சர்வர் மேல சொட்டும், பேன்ட்ரிக்குள்ளயும் வேண்டாம். சர்வருக்கு மனுஷங்க துணை தேவையில்ல, அது உங்க சீட்டுக்குப் பின்னாடி இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

ஒரு வேள அது 1யூ சர்வரா (முதல்ல சொன்ன 1.75 இஞ்ச் உயர ரகம்) இருந்து, அதுல ஓடறது டாலி மட்டும்தான்னா, அடுத்த தடவ சர்வர் மாத்தும்போது டவர் மாடல் (டெஸ்க்டாப் மாதிரி தனியா நிக்கிறது) வாங்கச் சொல்லுங்க. அதுல ஃபேன் 92, 120 மில்லிமீட்டர்னு பெருசா இருக்கும், மெதுவா சுத்தியே போதுமான காத்து தள்ளிடும், பக்கத்துல உக்காந்தாலும் ஒரு டெஸ்க்டாப் மாதிரிதான் கேக்கும். ஆபீஸ்க்கு ரேக் சர்வர் இருந்தாத்தான் கௌரவம்னு வாங்கினவங்கள நான் நிறைய பாத்துட்டேன், அதுக்கு விலை குடுக்கறது அக்கவுண்ட்ஸ் சீட்டுதான்.

கேள்வி: சத்தம் தாங்காம கார்ப்பென்டர வெச்சு பிளைவுட்ல ஒரு அலமாரி செஞ்சு, உள்ள தெர்மோகோல் ஒட்டி, சர்வர், நெட்வொர்க் சுவிட்ச், யூபிஎஸ் எல்லாத்தையும் உள்ள வெச்சு கதவ சாத்திட்டோம். சத்தம் நல்லா கொறஞ்சுச்சு. ஆனா தினமும் மத்தியானம் 3 மணி வாக்குல சர்வர் தானா ஆஃப் ஆயிடுது. கதவத் திறந்து வெச்சா ஆஃப் ஆகல. என்ன மாத்தணும்?
– சின்ன நிறுவனம் நடத்துறவர், கோயம்புத்தூர்

பதில்: சார், இன்னைக்கே அந்தக் கதவத் திறந்து வெச்சுடுங்க, மீதிய அப்புறம் படிங்க. சர்வர் தானா ஆஃப் ஆகறது தன்னைக் காப்பாத்திக்கத்தான், ஒரு நாள் அது முடியாம போகும்.

சர்வர் இழுக்கற கரண்ட் அத்தனையும் கடைசில சூடாத்தான் வெளிய வருது, வேற எங்கயும் போறதில்ல. சர்வர் 400 வாட், சுவிட்சும் யூபிஎஸ் இழப்பும் சேர்த்து இன்னொரு 200 வாட்னு வெச்சா 600 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டிய ஆன் பண்ணி அலமாரிக்குள்ள வெச்சு கதவ சாத்தினா எப்படியோ அப்படித்தான், அதுவும் ராத்திரி பகல் விடாம. உள்ள போற காத்தவிட வெளிய வர்ற காத்து 10 டிகிரி மட்டும் சூடா இருக்கணும்னா, 600 வாட்டுக்கு நிமிஷத்துக்கு சுமார் 100 கன அடி காத்து ஓடியே ஆகணும். மூடின அலமாரில எங்க இருந்து வரும்?

தெர்மோகோலைப் பிச்சு எடுத்துடுங்க. அது சூட்டத்தான் உள்ள பிடிச்சு வைக்கும், சத்தத்த நிறுத்தாது. நம்மூர்ல சத்தம்னாலே தெர்மோகோல், முட்டை ட்ரே, மெத்தை ஸ்பாஞ்ச்னு ஒட்டிடறாங்க, மூணும் தப்பு. சத்தம் வெளிய போகாம தடுக்க எடை வேணும், கனமான பலகை, கனமான போர்டு. பெட்டிக்கு உள்ள எதிரொலிக்கற சத்தத்த உறிஞ்ச நார் மாதிரி, காத்து புகுந்து போற பொருள் வேணும், கிளாஸ் வூல், ராக் வூல் மாதிரி. தெர்மோகோல்ல எடையும் இல்ல, காத்தும் புகாது. ஸ்பாஞ்சும் தெர்மோகோலும் தீப்பிடிச்சா நிமிஷத்துல பரவும், பக்கத்துல யூபிஎஸ் பேட்டரிய வேற வெச்சிருக்கீங்க, நினைச்சாலே பயமா இருக்கு சார்.

அலமாரிய தூக்கிப் போட வேண்டாம், சரி பண்ணலாம். சர்வரோட முன்பக்கம் வர்ற இடத்துல கீழ ஒரு வழி, பின்பக்கம் மேல ஒரு வழி, ரெண்டும் குறைஞ்சது ஒரு ஏ4 பேப்பர் சைஸ் இருக்கணும். அந்த சைஸ் இருந்தா 100 கன அடி காத்து இரைச்சல் இல்லாம மெதுவாப் போகும், சின்ன ஓட்டையா போட்டா காத்தே விசில் அடிக்கும். ஓட்டைய நேரா வெளிய விடாம, வெளிப்பக்கம் பலகைல ஒரு பெட்டி மாதிரி அடிச்சு, காத்து ரெண்டு தடவ வளைஞ்சு போற மாதிரி பண்ணச் சொல்லுங்க, அந்த வளைவுக்குள்ள சுவரெல்லாம் 50 மில்லிமீட்டர் ராக் வூல், மேல கிளாஸ் கிளாத் போத்தி ஒட்டணும், போத்தலன்னா அந்த நார் உதிர்ந்து சர்வருக்குள்ள போகும். காத்து வளைஞ்சு போயிடும், விசில் ஒவ்வொரு வளைவுலயும் அந்த வூல்ல முட்டி முட்டி செத்துடும். மேல வர்ற வழில ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன மெதுவான வேகத்துல ஓட விடுங்க. உள்ள முன்பக்கக் காத்தும் பின்பக்கக் காத்தும் கலக்காம நடுவுல ஒரு தடுப்பு வைக்க மறக்காதீங்க, இத கார்ப்பென்டர் தானா பண்ண மாட்டார், நீங்க நின்னு சொல்லணும்.

முன்பக்கம் காத்து நுழையற இடத்துல ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வெச்சுடுங்க. ஆஷ்ரேங்கற அமெரிக்க ஏசி எஞ்சினியர்கள் சங்கம் சொல்ற அளவு 18ல இருந்து 27 டிகிரி. 27க்குக் கீழ இருந்தா நிம்மதியா இருங்க, அதுக்காக ஏசிய 18ல வைக்க வேண்டியதும் இல்ல, ஒரு அளவுக்குக் கீழ ஃபேன் இன்னும் மெதுவாகாது, கரண்ட் பில்தான் ஏறும். ஞாயித்துக்கிழமை ஆபீஸ் பூட்டி ஏசி ஆஃப்ல இருக்கும்போது சர்வர் ஓடிட்டுத்தான் இருக்கும்ங்கறத மட்டும் கணக்குல வெச்சுக்குங்க, ஒரு ஞாயிறு மத்தியானம் நேர்ல போய் அந்த தெர்மாமீட்டரப் பாருங்க.

யூபிஎஸ்ஸ அலமாரிக்கு வெளிய எடுத்துடுங்க. அதுல இருக்கற லெட் ஆசிட் பேட்டரி 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுசு கிட்டத்தட்ட பாதியா கொறையும்.

கேள்வி: ஓஎம்ஆர்ல ஒரு ஷேர்டு ஆபீஸ்ல 6 சீட் கேபின் எடுத்திருக்கோம். பக்கத்து கேபின்காரங்க உள்ள ஒரு சர்வர் வெச்சிருக்காங்க. நடுவுல ஜிப்சம் பார்ட்டிஷன் இருக்கு, கதவும் சாத்தித்தான் இருக்கு, ஆனாலும் எங்க ரூம்லயே இருக்கற மாதிரி கேக்குது. சுவத்துல காத வெச்சா பெருசா கேக்கல. அப்போ எங்க இருந்துதான் வருது?
– வாசகர், சென்னை

பதில்: சுவத்துல காத வெச்சுப் பாத்தீங்க பாருங்க, அதுலயே பாதி விடை கிடைச்சுடுச்சு. மேல பாருங்க. ஃபால்ஸ் சீலிங் டைல் ஒண்ண லேசா தூக்கி செல்போன் டார்ச் அடிச்சுப் பாத்தா பார்ட்டிஷன் ஃபால்ஸ் சீலிங்கோட நின்னுருக்கும், அதுக்கு மேல கான்கிரீட் வரைக்கும் ஒண்ணுமே இருக்காது, ரெண்டு ரூமுக்கும் மேல ஒரே பொதுப் பரண் மாதிரி. பக்கத்து ரூம் சத்தம் அவங்க டைல் வழியா மேல ஏறி உங்க டைல் வழியா கீழ இறங்குது. சீக்கிரம் முடிக்கணும், செலவு கொறையணும்னு முக்காவாசி ஆபீஸ் உள்வேலை இப்படித்தான் நடக்குது, ஏசி டக்ட், கேபிள் ட்ரே எல்லாம் மேல சுலபமா போகும்ல.

சத்தத்துக்கு ஒரு கணக்கு இருக்கு, அது ரொம்ப கறாரானது. எவ்ளோ நல்ல சுவரா இருந்தாலும், மொத்தப் பரப்புல 100ல 1 பங்கு ஓட்டை இருந்தா அந்தச் சுவரால 20 டெசிபலுக்கு மேல தடுக்கவே முடியாது. 80 சதுர அடி பார்ட்டிஷன்ல முக்கால் சதுர அடி சந்து போதும், மீதி 79 சதுர அடிக்கு செலவழிச்ச காசு வீண். உங்களுக்கு மேல இருக்கறது சந்துகூட இல்ல, திறந்த வெளி. தண்ணி மாதிரிதான் சத்தமும், சின்ன சந்து கிடைச்சாலும் வந்துடும்.

ஷேர்டு ஆபீஸ் நடத்தறவங்ககிட்ட கேக்க வேண்டியது, பார்ட்டிஷன மேல கான்கிரீட் வரைக்கும் ஜிப்சம் போட்டு மூடி, நடுவுல கிளாஸ் வூல் வெச்சு, கேபிள் போற ஓட்டைகள சீலன்ட் வெச்சு அடைக்கறது. பெரிய வேலை இல்ல, ஆபீஸ் லீவு ரெண்டு நாள்ல முடிச்சிடலாம். ஆனா அதே வழியாத்தான் ஏசியோட ரிட்டர்ன் காத்து (ரூம்ல இருந்து ஏசிக்குத் திரும்பற காத்து) போகுதான்னு முதல்ல ஏசி டெக்னீஷியன கேட்டுடணும், போகுதுன்னா மூடறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு வழி வைக்கணும். அது முடியலன்னா பார்ட்டிஷன் தலைக்கு மேல ரெண்டு பக்கமும் 4 அடி அகலத்துக்கு டைல் மேல கிளாஸ் வூல் பாயா விரிச்சா ஓரளவு கொறையும், முழுசா போகாது. கதவுக்கு அடில விரல் நுழையற அளவு சந்து இருந்தா அதுக்கும் ஒரு ரப்பர் பட்டை.

அதுக்கெல்லாம் முன்னாடி பக்கத்து கேபின்காரங்ககிட்ட ஒரு தடவ போய் நேர்ல பேசிடுங்க. அவங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம், தினம் அதுலயே இருக்கறவங்களுக்கு பழகிப் போயிருக்கும். முதல் கேள்விக்குச் சொன்ன மூடி, தூசி, செட்டிங் எல்லாம் அவங்க சர்வருக்கும் பொருந்தும். ராத்திரி ஓட வேண்டிய பேக்கப், வைரஸ் ஸ்கேன் பகல்ல ஓடுதான்னும் பாக்கச் சொல்லுங்க, மத்தியானம் 2 மணிக்கு மட்டும் சத்தம் ஏறினா அனேகமா அதுதான்.

கேள்வி: அண்ணா, ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு பழைய 1யூ சர்வர் வாங்கினேன், லினக்ஸ் கத்துக்க. நாலு பேர் தங்கியிருக்கற ரூம்ல வெச்சா மத்தவங்க திட்டறாங்க. ஃபேனை கழட்டிட்டு சத்தமில்லாத நல்ல பிராண்ட் ஃபேன் போட்டா சரியாகுமா?
– கல்லூரி மாணவர், சென்னை

பதில்: ஆகாது தம்பி. சத்தமில்லாத 40 மில்லிமீட்டர் ஃபேன் எல்லாம் நிமிஷத்துக்கு 5,000 சுத்துதான், உன் சர்வர்ல இருக்கறது அதுக்கு மூணு மடங்கு சுத்தும். அந்த நெருக்கமான ஹீட்சிங்க் வழியா காத்த அழுத்தித் தள்ற சக்தி சுத்தோட ஸ்கொயர்ல மாறும், அதனால புது ஃபேன்ல அழுத்தம் பத்துல ஒரு பங்குதான் இருக்கும். போதாக்குறைக்கு சர்வர் ஃபேன் சுத்து கொறஞ்சிருக்கறதப் பாத்துட்டு ஃபேன் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு அலறும், ஃபேன் வயர் சொருகற பின்னோட அமைப்பு வேற மாறி இருக்கும். காசு போட்டு ஏமாறாத.

பழைய டெல் சர்வரா இருந்தா ஐபிஎம்ஐ (சர்வர் ஹார்டுவேரக் கண்காணிக்கவும் கட்டுப்படுத்தவும் உள்ள வசதி) கமாண்ட் மூலமா ஃபேன் வேகத்த நாமளே வைக்கலாம், ஐடிராக் 9ல பின்னாடி வந்த ஃபர்ம்வேர்ல அத எடுத்துட்டாங்க. 20 சதவீதத்துல வெச்சுப் பாரு, ஆனா பிராசஸர் சூட்ட பாத்துக்கிட்டே இருக்கற ஒரு ஸ்கிரிப்டும் கூடவே எழுதணும், ஒரு அளவத் தாண்டினா ஆட்டோவுக்குத் திரும்பற மாதிரி. அந்த ஸ்கிரிப்ட் எழுதறதே நல்ல லினக்ஸ் பாடம். ரெண்டு பிராசஸர் இருந்தா ஒண்ண கழட்டு, காலி சாக்கெட்டுக்கு அதோட மூடி, ஹீட்சிங்க் இடத்துக்கு டம்மி போட்டு. தேவையில்லாத டிஸ்க்கையும் எடு, எடுத்த இடத்துல மூடி. இதுவும் சரிப்படலன்னா வித்துட்டு பழைய ஆபீஸ் மினி பிசி ஒண்ணு வாங்கு, 16 ஜிபி மெமரி போட்டா நீ கத்துக்க வேண்டிய அத்தனையும் அதுல ஓடும். ரூம்ல மூணு பேர் தூங்கணும்ல.

கேள்வி: இவ்வளவு சத்தத்துல உக்கார வைக்கறது சட்டப்படி தப்பு இல்லையா? எத்தன டெசிபலுக்கு மேல போனா புகார் குடுக்கலாம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: சட்டம் இங்க பெருசா கை குடுக்காதுங்க, உள்ளத சொல்லிடறேன். 2000ம் வருஷத்து ஒலி மாசு விதிகள்ல வணிகப் பகுதிக்கு பகல்ல 65, ராத்திரி 55 டெசிபல்னு இருக்கு, ஆனா அது வெளிச் சூழலுக்கு, உங்க ஆபீஸ் ரூமுக்குள்ள இருக்கற ரேக்குக்கு இல்ல. தொழிற்சாலைகளுக்கு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்னு ஒரு வரம்பு, அது காது கேக்காம போறதத் தடுக்க வெச்ச வரம்பு. ஆபீஸ் சர்வர் பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது, ஒரு மீட்டர்ல சாதாரணமா பேசற பேச்சே சுமார் 60 டெசிபல்தான். ஆனா 60லயே ஒரு மனுஷனால நாள் முழுக்க கணக்கு பாக்க முடியாது, போன்ல பேச குரல் உயர்த்த வேண்டியிருக்கும். காது கெடலன்னாலும் ஆள் கெடறது உண்மை.

அதனால புகாருக்கு பதிலா அளந்து காட்டுங்க. போன்லயே டெசிபல் ஆப் இருக்கு, ஐபோன்னா அமெரிக்க நியோஷ் நிறுவனத்தோடது இலவசமாவே கிடைக்குது. போன் காட்டற நம்பர் நூத்துக்கு நூறு சரியா இருக்காது, பரவால்ல, அதே போன், அதே சீட், அதே உயரம், சர்வர் ஓடும்போது ஒண்ணு, ஞாயித்துக்கிழமை பராமரிப்புக்கு ஆஃப் பண்ணும்போது ஒண்ணு. ரெண்டுக்கும் 15 டெசிபல் வித்தியாசம்னு காட்டினா எந்த முதலாளியும் யோசிப்பார். அப்படியே சர்வர் ஃபேன் வேகத்தையும் உள்ள நுழையற காத்தோட சூட்டையும் ஐடிகிட்ட கேட்டு பக்கத்துல எழுதிடுங்க. "சத்தமா இருக்கு சார்"னு சொல்றதவிட "சர்வர் 34 டிகிரில ஓடுது சார், சீக்கிரம் போயிடும்"னு சொன்னா அன்னைக்கே ஆள் வருவாங்க. ரெண்டும் ஒரே பிரச்சினைதான்.

கேள்வி: சத்தத்தால சர்வருக்கே ஏதாவது கெடுதல் உண்டா?
– வாசகர், திருச்சி

பதில்: உண்டு, ஹார்ட் டிஸ்க்குக்கு. 2008 கடைசில சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல இருந்த பிரெண்டன் கிரெக்ங்கற எஞ்சினியர் டிஸ்க் அடுக்குக்கு முன்னாடி நின்னு கத்திக் காட்டினார், கத்தின அந்த நொடில டிஸ்க் பதில் சொல்ற நேரம் எகிறினது வரைபடத்துல தெரிஞ்சுது. 2016 செப்டம்பர்ல ருமேனியா தலைநகர் புக்காரெஸ்ட்ல ஐஎன்ஜி வங்கியோட டேட்டா சென்டர்ல தீயணைப்பு வாயுவ சோதிச்சப்ப, வாயு பீறிட்டு வந்த சத்தத்துலயே நிறைய ஹார்ட் டிஸ்க் கெட்டுப் போய், வங்கி சேவை பல மணி நேரம் நின்னுச்சு. உங்க ஆபீஸ் ஃபேன் சத்தம் அந்த அளவு இல்ல, ஆனா யூபிஎஸ், சர்வர், டிஸ்க் பெட்டி எல்லாத்தையும் ஒரே தகரத் தட்டுல அடுக்கி அது மொத்தமா அதிர்ந்துகிட்டு இருந்தா டிஸ்க்குக்கு நல்லதில்ல. தட்டுல கைய வெச்சுப் பாருங்க, அதிர்வு தெரிஞ்சா ஒவ்வொண்ணுக்கும் அடில கெட்டியான ரப்பர் பேட் வைங்க, வூம் வூம்னு ஏறி இறங்கற சத்தமும் சேர்ந்தே கொறையும்.

கேள்வி: நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் வாங்கி குடுத்துட்டா போதாதா? எங்க மேனேஜர் அதத்தான் சொல்றார்.
– வாசகி, சேலம்

பதில்: ஏசி, யூபிஎஸ் மாதிரி கனமான ஹம் சத்தத்த அது நல்லா கொறைக்கும், குட்டி ஃபேனோட உய்ய்ங் விசிலுக்கு அந்த அளவு வேல செய்யாது, அங்க காத மூடியிருக்கற பஞ்சுதான் கொஞ்சம் தடுக்கும். நம்ம ஊர் வெயில்ல 8 மணி நேரம் காத மூடிக்கிட்டு இருக்கறதும் சுலபமில்லம்மா, பக்கத்துல கூப்பிட்டா கேக்காது, வாடிக்கையாளர் வந்து நின்னா தெரியாது. சர்வர் ரிப்பேர் வர்ற வரைக்கும் ஒரு வாரத்துக்கு வேணும்னா வெச்சுக்குங்க. மேனேஜர்கிட்ட ஒரு நாள் உங்க சீட்ல உக்காந்து வேல பாக்கச் சொல்லுங்க, நீங்க அவர் சீட்டுக்குப் போங்க, ஹெட்ஃபோனையும் அவருக்கே குடுத்துட்டு.